காபித் தோட்டத்துப் பள்ளத்தில் நின்ற ஜீப்

“கைவிடப்பட்ட வண்டி எதையாவது வினோதமான இடத்தில் பார்த்திருக்கிறீர்களா? அதைப் பற்றி ஊரில் என்ன கதை சொல்வார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பார்த்தது ஒரு ஜீப். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில், பாதையிலிருந்து இருபதடி கீழே, சில்வர் ஓக் மரத்தில் பின்பக்கத்தைச் சாய்த்தபடி நின்றது. என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பள்ளிக்கூட லீவு விட்டதும் சேலத்தில் பஸ் ஏறி, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போய்ச் சேருவோம். ஜீப்பில் டயர் கிடையாது, சீட் கிடையாது. நிழல் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி அப்படியே வண்டிக்கும் தாவி, கண்ணாடி போன சட்டம் வழியாகப் படர்ந்திருந்தது.

பிள்ளைகளுக்குள் ஒரு கதை ஓடியது. டிரைவர் குடித்துவிட்டுப் பனிமூட்டத்தில் வண்டியைப் பள்ளத்தில் விட்டாராம், அங்கேயே செத்தாராம், அமாவாசை ராத்திரியில் ஹாரன் சத்தம் கேட்குமாம். நான் முழுசாக நம்பினேன். பொழுது சாய்ந்தபின் அந்த வழியாக வர நேர்ந்தால், தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டம்தான்.

கல்லூரி முடித்த வருஷம் அப்புச்சியோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். “வாங்க டிரைவரே” என்று இடம் விட்டார் அப்புச்சி. எந்த வண்டி டிரைவர் என்று கேட்டேன். “நம்ம பள்ளத்து ஜீப்பு இருக்குதில்ல, அதுதான்” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. கொஞ்சம் கழித்து அந்தக் கதையை டிரைவரிடமே சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றும் தோன்றும். அவர் முகம் வாடிவிட்டது. “நான் குடிச்சதே இல்ல கண்ணு” என்றார்.

நடந்தது இதுதான். பழம் எடுக்கிற சீசன். பின்னால் ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் வரும்போது கிரவுன், அதாவது பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கரம், உடைந்துவிட்டது. பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர் பெட்டிக்குப் பின்னால் ஓடும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். கிரவுன் போனால் ஷாஃப்டுக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும், பிறகு ஹேண்ட் பிரேக் இருந்தும் பயனில்லை. கால் பிரேக் அந்த மேட்டுக்கும் அந்தப் பாரத்துக்கும் போதவில்லை. வண்டி பின்னால் உருள, அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்து, அந்த மரத்தைக் குறிபார்த்து இறக்கியிருக்கிறார். மரத்தைத் தாண்டினால் கீழே பாறைதான். ஏழு பேரில் ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை.

அப்புறம் ஏன் அங்கேயே விட்டார்கள்? தோட்டக்காரர் அடுத்த வருஷமே காலமானார். ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருந்தது, வாரிசுகளுக்குள் இழுபறி. மேலே தூக்க ஆகும் கூலியில் பாதிகூட காயலான் கடையில் தேறாது.

பிற்பாடு இந்த மாதிரி வண்டிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அலாஸ்காக் காட்டில் 142 என்று எண் போட்ட ஒரு பஸ் நின்றது. 1992-ல் கிறிஸ் மெக்கண்டில்ஸ் என்ற 24 வயது இளைஞன் அதற்குள் இறந்துபோக, அது யாத்திரைத் தலம் போல ஆகிவிட்டது. அதைப் பார்க்கப் போய் 2010-லும் 2019-லும் ஆற்றில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். 2020 ஜூனில் ஹெலிகாப்டர் வைத்துத் தூக்கிவிட்டார்கள். அந்த பஸ் அங்கே வந்தது 1961-ல், சாலை போடும் தொழிலாளர்கள் தங்குவதற்காக. அச்சு முறிந்ததால் விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஜீப்புக்குக் கிரவுன், அதற்கு அச்சு.

என்னை அதிகம் உறுத்தியது ஐஸ்லாந்து விமானம்தான். 1973 நவம்பரில் சோல்ஹெய்மாசாண்டுர் என்ற கறுப்பு மணல் கரையில் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று விபத்தாக இறங்கியது. விமானி தவறான எரிபொருள் டாங்குக்கு மாற்றிவிட்டதால்தான் அப்படி ஆனது என்று கதை பரவியது. உறைபனி பிடித்ததுதான் காரணம் என்று பிறகு சொல்லப்பட்டது. அதில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். எல்லாரையும் உயிரோடு இறக்கிய மனிதருக்குக் கவனக்குறைவானவர் என்ற பெயர். அதைப் படித்தபோது டீக்கடையில் வாடிய அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

அமாவாசை ஹாரனுக்கு வருகிறேன். விபத்து நடந்த மறுநாளே டிரைவர் போய் ஹாரனைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார். அவர் கையால் வாங்கி மாட்டியது அது. அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்ததை எனக்கு எடுத்துக் காட்டினார்.

இப்போது அவரும் இல்லை, ஜீப்பும் இல்லை. தோட்டம் கைமாறியபோது வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அந்த சில்வர் ஓக் மட்டும் இருக்கிறது. இடுப்பு உயரத்தில், வண்டி மோதிய இடத்தில், பட்டை மூடியும் மூடாமலும் ஒரு நீளத் தழும்பு.