அஸ்தீனியாவுக்கு 'கோர்ஸ்' கிடையாது

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் 'அஸ்தீனியா' என்று எழுதியிருக்கிறார்கள். அது நரம்புத் தளர்ச்சி, மூன்று மாதக் கோர்ஸ் எடுக்கணும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா? – வாசகர், திருமங்கலம்

பதில்: இல்லை. முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.

அது கிரேக்கச் சொல். 'ஸ்தெனோஸ்' என்றால் வலு. முன்னால் நிற்கும் 'அ', 'அநீதி'யில் வருவதுபோல, இல்லை என்கிறது. "உடம்புல தெம்பே இல்ல" என்று அப்பா சொன்னதை டாக்டர் கிரேக்கத்தில் திருப்பி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். ஆஸ்துமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'அசதி, காரணம் பார்க்கணும்' என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அந்த வரி இல்லாத இடத்தில்தான் 'கோர்ஸ்' பிடித்துத் தரும் புரோக்கர் நுழைகிறார்.

அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் பியர்ட் 1869-இல் 'நியூராஸ்தீனியா', அதாவது நரம்புத் தளர்ச்சி, என்ற பெயரைப் பரப்பினார். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப்பட்டியலில் அது தனி நோயாக இல்லை. லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர்களுக்கு மட்டும் நரம்புத் தளர்ச்சி இன்னும் சோறு போடுகிறது.

குளுக்கோஸ் ஏற்றுவதும் அதே கதைதான். 500 மில்லி, 5 சதவீத பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். வாயால் சாப்பிட முடிகிற சர்க்கரை நோயாளிக்கு இது எதற்கு?

கேட்க வேண்டிய டெஸ்டுகள்: ஹீமோகுளோபின் (ஆண்களுக்கு 13-க்குக் கீழே ரத்தசோகை), மூன்று மாத சர்க்கரை அளவு, தைராய்டு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான டெஸ்ட்), சோடியம், பொட்டாசியம். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் சோடியத்தை முதலில் பாருங்கள்; அது குறைந்தாலே ஆள் துவண்டுவிடுவார். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

'மயஸ்தீனியா கிராவிஸ்' என்று எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. அது நிஜமான நோய். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. காலையில் நன்றாக இருப்பவருக்குச் சாயங்காலம் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துபோகும், ஓய்வெடுத்தால் தேறும். அப்படியிருந்தால் பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாவிட்டாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கிருமியைக் கொல்லத் தரும் ஜென்டாமைசின் ஊசியும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும் இந்த நோயைக் கிளறிவிடும். காய்ச்சலுக்குப் போனாலும் நோயின் பெயரைச் சொல்லிவிட்டே மருந்து வாங்குங்கள்.