லோன் டியூ கட்டாததற்கு கலெக்‌ஷன் ஆட்கள் விடாமல் போன் போட்டு மிரட்டுகிறார்கள். சட்டப்படி நான் என்ன செய்யலாம்?

பர்சனல் லோனில் மூன்று டியூ நின்றுவிட்டது, காலை ஏழு மணிக்கே போன் தொடங்கிவிடுகிறது, அண்ணனுக்கும் ஆபீஸுக்கும்கூடப் பேசிவிட்டார்கள், போலீஸ் வரும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எங்கள் வீட்டுச் சமையல் மேடைதான் கண்முன் வந்தது. 2023 பிப்ரவரியில், சைலன்ட்டில் போட்ட என் போன் அந்த மேடைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து மாவுப் பாத்திரத்தில் போய் முட்டி நிற்கும். எடுக்கவும் பயம், அணைக்கவும் பயம். நான் வக்கீல் இல்லை. அந்த வழியாகப் போய்த் திரும்பியவன், அவ்வளவுதான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. 2022-ல் நூல் விலை ஏறிய ஏற்றம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. அதைத் தாண்டினால் வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் போனது, பிறகு சம்பளமே பாதியானது. அப்பாவின் ஆபரேஷனுக்கு எடுத்த 2 லட்சம் லோனுக்கு மாதம் 6,900 தவணை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்றும் பவுன்ஸ். ஒவ்வொரு பவுன்ஸுக்கும் அவர்கள் ஒரு சார்ஜ், என் பேங்க் ஒரு சார்ஜ். பணம் இல்லாதவனிடம்தான் எல்லோரும் கூடுதலாகப் பிடிக்கிறார்கள்.

முதல் வாரம் ஒரு பெண் குரல், "சார், டியூ பெண்டிங் இருக்கு, எப்ப கட்டுவீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டது. அடுத்த வாரம் குரல் மாறியது. "சோறுதானே திங்கறே? மானம் இருந்தா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டு." அதற்கும் அடுத்த வாரம் தாராபுரத்திலிருந்து மாமா கூப்பிட்டார். "மாப்ளே, எவனோ பேசறான். நீ ஊரை விட்டு ஓடிட்டியாம். ரெஃபரன்ஸ்ல என் பேரைப் போட்டிருக்கியாம், நான்தான் கட்டோணுமாம். என்னடா இதெல்லாம்?"

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. என் மனைவிதான் ஒரு வார்த்தை சொன்னாள்: "அவங்க வாயால பேசறாங்க, நீங்களும் வாயாலயே பேசிட்டிருந்தா எப்படி ஜெயிப்பீங்க? எழுதிக் கேளுங்க." எனக்கு உண்மையில் உதவியது அந்த ஒரு யோசனைதான். கீழே இருக்கும் சட்டமெல்லாம் பிறகு தேடித் தெரிந்துகொண்டது.

உங்கள் பயத்தில் பெரியது போலீஸ். பர்சனல் லோன் டியூ கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. அது சிவில் விவகாரம். அவர்கள் நோட்டீஸ் அனுப்பலாம், வழக்குப் போடலாம், உங்கள் சிபில் ஸ்கோர் விழும். ஆனால் "சாயங்காலம் ஜீப் வரும்" என்பது வெறும் வாய்ச்சவடால். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். செக் கொடுத்து அது திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கு வரும். கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் ஏற்பாடு பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டு பணப் பரிமாற்றச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் அதே மாதிரி வழக்குப் போட வழி இருக்கிறது. அப்போதும் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், கட்டுவதற்கு 15 நாள் அவகாசம் உண்டு, அதன் பிறகுதான் கோர்ட். அதனால் போனில் வரும் மிரட்டலை ஒதுக்குங்கள். தபாலில் வரும் நோட்டீஸை ஒருபோதும் ஒதுக்காதீர்கள். ஏஜென்ட் வந்து "சும்மா ஒரு செக் கொடுங்க சார், செக்யூரிட்டிக்குத்தான்" என்று கேட்டால் கொடுக்கவே வேண்டாம்.

இப்போது போன். 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், நிதி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பாக்கித் தவணைக்காகக் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. வாயாலோ கையாலோ மிரட்டக் கூடாது. பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் நுழையக் கூடாது. தகாத மெசேஜ் அனுப்பக் கூடாது, பேர் சொல்லாமல் மிரட்டக் கூடாது, ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கவும் கூடாது. ஏஜென்ட் எந்த வெளி ஏஜென்சியின் ஆளாக இருந்தாலும் அவர் செய்ததற்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு. "அது எங்க ஸ்டாஃப் இல்லைங்க சார்" என்று கஸ்டமர் கேரில் சொல்வார்கள் பாருங்கள், அந்தப் பதில் செல்லாது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். ரெஃபரன்ஸ் என்பது ஜாமீன் அல்ல. ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டவர்தான் கடனுக்குப் பொறுப்பு. லோன் பாரத்தில் "இவரை எனக்குத் தெரியும்" என்ற அளவுக்குப் பேரும் நம்பரும் கொடுக்கப்பட்டவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. உங்கள் அண்ணன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கே தீரும். வீட்டு ஆட்கள் பயந்தால்தான் நமக்குப் பயம் இரட்டிப்பாகிறது என்று கலெக்‌ஷன்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் செய்தது இது. என் மகளின் பழைய கோடு போட்ட நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு போனையும் எழுதினேன். தேதி, நேரம், நம்பர், பேர் சொன்னாரா, என்ன சொன்னார். "14.2.2023, காலை 7.12, பேர் சொல்லவில்லை, 'பொண்ணு எந்த ஸ்கூல்னு தெரியும்' என்றார்." இப்படி ஒன்பது நாளில் 61 அழைப்பு. ஒரே நாளில் 14. போனில் ரெக்கார்டிங்கும் போட்டேன். என் போனில் ரெக்கார்டிங்கை அழுத்தினால் பதிவாகிறது என்று ஒரு குரல் இருவருக்கும் கேட்கிறமாதிரி அறிவிக்கும். முதலில் அது எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தக் குரல் கேட்டதும் "வாடா போடா" பட்டென்று "சார்" ஆனது. தனியாக ஒரு கருவியும் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு ஏஜென்டிடமும் மூன்று கேள்வி மட்டும் கேட்டேன்: உங்கள் பேர் என்ன, எந்த ஏஜென்சி, நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த அனுமதிக் கடிதம் எங்கே? 2008 ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது: எந்த ஏஜென்சியிடம் கேஸ் போகிறது என்று கடன் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும், ஏஜென்ட் அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். ஆப் வழியாக வாங்கிய லோனுக்கும், ஏஜென்ட் நம்மைத் தொடர்புகொள்ளும் முன்பே அவர் விவரம் மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வர வேண்டும். மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னவர் என்னிடம் ஒரே ஒருவர்தான். அவரிடம் நானும் மரியாதையாகவே பேசினேன். அவருக்கும் ஒரு டார்கெட் இருக்கும், மேலே ஒருவன் திட்டுவான்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மெயில். பேரும் மெயில் ஐடியும் அவர்கள் இணையதளத்தில் கட்டாயம் இருக்கும், கீழே பொடி எழுத்தில். கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதினேன்:

"என் லோன் எண் இது. மூன்று தவணை பாக்கி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் பாதியாகக் குறைந்ததுதான் காரணம், சம்பளச் சீட்டு இணைத்திருக்கிறேன். மாதம் 3,500 கட்ட முடியும், தவணையை மாற்றி அமைத்துத் தரவும். உங்கள் சார்பில் பேசுவோர் காலை 8 மணிக்கு முன் கூப்பிட்டிருக்கிறார்கள், என் மகளின் பள்ளியைச் சொல்லி மிரட்டியிருக்கிறார்கள், ஜாமீன் போடாத என் மாமாவிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். நாள், நேர விவரம் இணைப்பில். இது ரிசர்வ் வங்கியின் 12.8.2022 சுற்றறிக்கைக்கு எதிரானது. இனி எல்லாவற்றையும் எழுத்தில் தெரிவிக்கவும். புகார் எண் தரவும்."

கடன் இருக்கிறது என்று ஏன் ஒப்புக்கொண்டாய் என்று நண்பன் ஒருவன் திட்டினான். என் கணக்கு வேறு. நான் ஏமாற்றுகிறவன் இல்லை, கட்ட நினைக்கிறவன் என்று முதல் வரியிலேயே பதிவாக வேண்டும். அப்புறம்தான் என் புகாருக்கு எடை. ஆனால் உங்கள் பாக்கி பல வருடம் பழையது என்றால் எழுதுமுன் ஒரு வக்கீலைப் பாருங்கள். வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம்தான் காலக்கெடு; அது முடிவதற்குள் நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

மெயில் போன நாலாம் நாள் ஒரு சீனியர் கூப்பிட்டார். "எதுக்குங்க சார் கம்ப்ளெயிண்ட் எல்லாம், பேசித் தீர்த்துக்கலாமே?" மெயிலிலேயே சொல்லுங்கள் என்றேன். போன் நின்றது. பத்து நாள் கழித்து வேறொரு ஏஜென்சி புதிதாகத் தொடங்கியது! அதே மெயிலுக்குக் கீழே புகார் எண்ணோடு இன்னொரு மெயில். புகார் நிலுவையில் இருக்கும்போது அந்தக் கேஸை ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்றும் அந்த 2008 விதியிலேயே இருக்கிறது; வேண்டுமென்றே வீண் புகார் போடுகிறார் என்று நிரூபிக்க முடிந்தால் மட்டுமே விலக்கு. 26-ஆம் நாள் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி, தவணையை 4,200-ஆகக் குறைத்து காலத்தை நீட்டித்து ஒரு பாரம். நான் கேட்டது கிடைக்கவில்லை, வட்டியும் மொத்தத்தில் கூடியது. கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். வங்கிக்கு ஒன்று, நிதி நிறுவனத்துக்கு ஒன்று என்று இருந்த புகார்த் திட்டங்களை 2021 நவம்பரில் ஒரே திட்டமாக்கிவிட்டார்கள். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் தளத்தில் புகார் போடலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். சந்தேகம் கேட்க 14448. அலைக்கழிப்புக்கும் மன உளைச்சலுக்கும் 1 லட்சம் வரை இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் அந்தத் திட்டத்தில் இருந்தது. 1 லட்சம் கிடைத்துவிடும் என்று எண்ணிப் போகாதீர்கள்; ஆம்புட்ஸ்மேன் என்ற சொல் நிறுவனத்துக்குள் ஃபைலை நகர்த்தும், அதுதான் நமக்கு வேண்டியது.

மகள், பள்ளி, அடி உதை என்று பேச்சுப் போனால் மெயிலோடு நிற்காமல் ஸ்டேஷனிலும் மனு கொடுங்கள். மிரட்டலுக்கு, ஐபிசி-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவு. பெண்களிடம் ஆபாசமாகப் பேசினால் 79-ஆவது பிரிவு. மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

உங்களுடையது ஏதோ ஒரு ஆப்பில் வாங்கிய கடன், பின்னால் எந்த வங்கி என்றே தெரியவில்லை என்றால் கதை வேறு. ரிசர்வ் வங்கி விதிப்படி லோன் ஆப்கள் உங்கள் கான்டாக்ட் லிஸ்ட், கேலரி, கால் லாக் எதையும் தொடவே கூடாது. தொடுகிறது என்றால் அது ஒழுங்கான இடம் இல்லை. உங்கள் படத்தை வெட்டி ஒட்டி ஆபாசமாக்கி அனுப்புகிறவனுக்கு மெயில் போட்டுப் பயனில்லை. சைபர் கிரைம் தளத்தில் புகார், பணம் பறிபோயிருந்தால் 1930. அவன் கேட்கிற பணத்தைக் கொடுத்தால் நாளைக்கு மறுபடி கேட்பான். தண்டல், தனியார் ஃபைனான்ஸ் போன்றவர்களின் வன்முறை வசூலுக்குத் தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். மகளிர் குழு லோன் என்றால் நேரம் இன்னும் சுருக்கம், காலை 9 முதல் மாலை 6 வரைதான். சொன்ன இடத்துக்குக் கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால்தான் வசூல்காரர் வீட்டுக்கே வரலாம். எங்கள் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களை இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் எழுப்பினோம்.

சில்லறை விஷயங்கள்: ஏஜென்டின் சொந்த ஜிபேயில் பணம் போடாதீர்கள். சிம் மாற்றாதீர்கள், தலைமறைவு என்று சொல்ல அது போதும். பதிலுக்குத் திட்டாதீர்கள், அவர்களும் ரெக்கார்ட் செய்கிறார்கள். முழுப் பாக்கியையும் கட்டாமல் குறைத்துப் பேசி முடித்தால் சிபிலில் "செட்டில்டு" என்று விழும், "க்ளோஸ்டு" ஆகாது. அடுத்த லோனுக்கு அது இடிக்கும். கடைசித் தவணைக்குப் பிறகு, பாக்கி எதுவும் இல்லை என்ற என்ஓசி கடிதம் வாங்க மறக்காதீர்கள். நான் போன வருடம்தான் வாங்கினேன். மாமா மட்டும் இன்னும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்து "ஊரை விட்டு ஓடின மாப்ளே" என்றுதான் கூப்பிடுகிறார்.

இன்றைக்கு ராத்திரி 7 மணிக்கு மேல் வரும் போனை எடுக்காமல் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மெயிலை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 30 நாள் கணக்கு அது போன நாளிலிருந்துதான் ஓடும்.