அது வேறு விஷயம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 47 வயது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமி. 19 வருடமாகக் கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் இருக்கிறேன். மனைவி இந்த மண்ணின் பெண். உக்ரைனிலிருந்து வந்து குடியேறிய விவசாயக் குடும்பம். அவருடைய கொள்ளுத்தாத்தா 1905-ல் 10 டாலர் கட்டி, யார்க்டன் பக்கம் 160 ஏக்கர் புல்வெளியைத் தன் பெயரில் பதிந்தவர். மூன்று வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தை உழுது காட்டினால்தான் பட்டா. அந்த நிலத்தில்தான் மனைவியின் தாத்தாவும் பாட்டியும் பதினொரு பிள்ளைகளை வளர்த்தார்கள். தாத்தாவைக் கீதோ, பாட்டியைப் பாபா என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

வருகிற ஜூலையில் குடும்பம் மொத்தமும் பண்ணையில் கூடுகிறது. அதற்கு கீதோ பாபா நினைவாக ஒரு புத்தகம் போடலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதிலேயே அவர்கள் மாட்டிக்கொண்ட 1930-களின் வறட்சியைப் பற்றி மட்டும் பத்துப் பக்கம். மண்புயல், 1937-ல் மாகாணச் சராசரியே ஏக்கருக்கு 3 புஷல் (ஒரு புஷல் சுமார் 27 கிலோ) கோதுமைகூட வராமல் போனது, மாட்டுக்கு முள்செடியை அறுத்துப் போட்டது, பெட்ரோலுக்குக் காசில்லாமல் காருக்குக் குதிரை பூட்டி, அதற்கு அன்றைய பிரதமர் பெயரை வைத்து 'பென்னட் வண்டி' என்று கிண்டலடித்தது. மானாவாரிக்காரனுக்கு இதெல்லாம் சொல்லியா தர வேண்டும்?

இப்போது அட்டையில் மனைவியின் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் பெயர் இருக்கிறது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், 'உதவியவர்கள்' என்று, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தவருக்குக் கீழே. கேட்டதற்கு ஒருவர், "நீங்கள் பாபாவைப் பார்த்ததே இல்லையே" என்றார். சரிதான், பார்த்ததில்லை. ஆனால் எழுதியது யார்? மனைவியும் "விடுங்களேன்" என்கிறார். 19 வருடம் ஆகியும் நான் வெளியாள்தானா?

அந்தப் பதினொரு பேரில் மூத்தவரான மனைவியின் பெரியம்மாவிடம் நாற்பது நிமிடம் பேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். 89 வயது. ஊர்ப் பள்ளியில் ஒரே அறை, எட்டாம் வகுப்பு வரைதான். மேலே படிக்க டவுனில் தங்க வேண்டும். அவரை அனுப்பவில்லை, பின்னால் தம்பிகளை அனுப்பினார்கள். ஒன்பது வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை தன் இடுப்பில் ஒரு பிள்ளை இல்லாத நாளே கிடையாது என்கிறார். மைனஸ் 30 குளிரில் வெளியே காயப்போட்ட பிள்ளைத் துணிகள் பலகை மாதிரி விறைத்துவிடுமாம். அடுக்கிச் சுமந்து வந்து அடுப்போரம் சாத்தி வைப்பாராம். 1945-ல் அரசாங்கம் பிள்ளைக்கு மாதம் 5 முதல் 8 டாலர் வரை தாய் பெயருக்கே காசோலை அனுப்ப ஆரம்பித்தபோது, முதல் பணத்தில் பாபா இவருக்குத்தான் ஷூ வாங்கினாராம். இதைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. விசேஷத்துக்கு ஒத்துவராது. கேட்க உட்கார்ந்தாலும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். என் அக்காவும் எட்டாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். ஓடைக்கு மேற்கே இருக்கும் மூன்று ஏக்கரைத் தனக்கு எழுதித் தரச்சொல்லிக் கேட்டாள். ஏழு மாதமாக அவள் போனை நான் எடுக்கவில்லை. அது வேறு விஷயம்.

உழைத்தவன் பெயர் அட்டையில் இருக்க வேண்டுமா இல்லையா? ஜூலையில் நான் போகவே வேண்டாம் என்று தோன்றுகிறது. நீங்கள் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், சஸ்காட்செவன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயர் அட்டையில் இருக்க வேண்டியதுதான். இன்னொரு தடவை கேளுங்கள், கோபப்படாமல் கேளுங்கள். போட்டால் சந்தோஷம். அதோடு அந்தப் பேச்சை நான் விடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தும் என் கண் நின்ற இடம் 'அது வேறு விஷயம்' என்கிற மூன்று வார்த்தைக்கு மேலே உள்ள வரிகளில்தான்.

'தாத்தாவும் பாட்டியும் பதினொரு பிள்ளைகளை வளர்த்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் நாற்பது நிமிடப் பதிவு வேறு கணக்குச் சொல்கிறது. பெற்றது பாபா. கடைசி ஐந்தாறு பேரையாவது தூக்கி வளர்த்தது அந்தப் பெரியம்மா. இது தெரிந்த பிறகும் பழைய வாக்கியத்தையே புத்தகத்திலும் எனக்கும் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் பெயரை அவர்கள் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினார்கள். பெரியம்மாவுக்கு நீங்கள் அந்தக் கடைசிப் பக்கத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

கடுமையாகச் சொல்கிறேனோ? உங்கள் அக்கா வயதுதான் எனக்கும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசேஷத்துக்கு ஒத்துவராது என்று அதை விட்டதாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வறட்சியை, மண்புயலை, முள்செடியைத் தயங்காமல் எழுதியவர் நீங்கள். விறைத்த துணிகளிடம் வந்ததும்தான் கை நிற்கிறது. அங்கே கேட்கும் குரல் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். உங்களை இடுப்பில் சுமந்து, அப்புறம் குச்சி அடுக்கப் போய், அந்தக் கூலியில் உங்களுக்கு ஃபீஸ் கட்டினாரா அக்கா? நீங்கள் எழுதவில்லை. கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பாபாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. கரண்ட் வராத வீடு, பால் கறக்க மாடுகள், ரொட்டி சுட அடுப்பு, வருடம் விட்டு வருடம் பிரசவம். கூட ஒரு ஜோடிக் கை இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் நின்றிருக்காது. எந்தக் கையை எடுத்துக்கொண்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஷூவைப் பாருங்கள். தன் பெயருக்கு வந்த முதல் காசோலை, வீடு நிறையப் பிள்ளைகள், ஆனால் ஷூ மூத்தவளுக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். கடனை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தக் குடியேற்றச் சட்டத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். கல்யாணமான பெண் அந்த 160 ஏக்கரைத் தன் பெயரில் பதிய முடியாதாம். விதவைபோலக் குடும்பத்துக்குத் தானே தலைவியாக நின்றால்தான் உண்டு. அது அந்தக் காலம், அந்த ஊர். நம் ஊரில் 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீக நிலத்தில் மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும். உங்கள் மூன்று ஏக்கர் பூர்வீகமா, அப்பா சம்பாதித்ததா என்று எனக்குத் தெரியாது. அதை ஒரு வக்கீல் பார்க்கட்டும். ஆனால் 'அக்காகூடச் சொத்துக்கு வந்துவிட்டாளே' என்று ஒரு நினைப்பு உங்களுக்குள் ஓடுகிறது என்றால், அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அக்கா கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் மூன்று ஏக்கரில் முடியுமா?

நீங்கள் வெளியாள் இல்லை. எண்பது வருடமாகப் பெரியம்மா இதையெல்லாம் தன் பிள்ளைகளிடம் சொன்னாரோ இல்லையோ, உங்களிடம் சொன்னார். கேட்ட முகம் பார்த்துச் சொல்லியிருப்பார்.

பதிவை முழுதாகக் கேட்டு நான்கு பக்கம் எழுதுங்கள். அச்சுக்குப் போகும்முன் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள்; வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், அது அவர் கதை. ஜூலையில் போங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. உங்கள் மாகாணத்தில் கடிகாரத்தை முன்னும் பின்னும் மாற்றுவதில்லையாம், அதனால் நேரம் குழம்பியது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. உங்களுக்கு எட்டரை என்றால் அக்காவுக்கு விடிந்து காலை எட்டு மணி. எடுத்ததும் நிலத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஊரில் மழை உண்டா என்று கேளுங்கள்.