தெற்கு கேட்டது யாருடைய உரிமை?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்துக் கல்லூரியில் கட்டுரை எழுதுகிறேன். 1848இல் மெக்சிகோவிடமிருந்து பெற்ற நிலமே நாட்டைப் பிளந்தது எனலாமா? தெற்கு மாநில உரிமைக்காகவும் இறக்குமதி வரியை எதிர்த்துமே பிரிந்தது, அடிமைமுறை பிறகு சேர்க்கப்பட்ட காரணம் என்று ஒரு காணொளியில் கேட்டேன். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

ஒரு மாணவி, திருநெல்வேலி

அன்புள்ள மாணவிக்கு,

1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைச் சில நாட்களாக மீண்டும் படித்துவரும் வேளையில் உங்கள் கடிதம் வந்தது.

நிலத்தைப் பற்றிய உங்கள் கணிப்பு சரியானதே. அடிமைமுறை எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்று 1820இல் மிசௌரி உடன்பாடு இழுத்த கோடு, முன்பு பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா நிலத்துக்கு மட்டுமே உரியது. மெக்சிகோவின் நிலம் கைக்கு வருமுன்பே, 1846இல், அங்கே அடிமைமுறை கூடாது என்று வில்மட் என்ற உறுப்பினர் முன்வைத்த தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசை வடக்கு, தெற்கு என்று பிரித்துவிட்டது. வரியை விட்டுவிடுங்கள், 1857இல் அது குறைக்கப்பட்டே இருந்தது.

மாநில உரிமை என்ற வாதத்தை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. என் ஆசிரியர் இப்பாடத்தை வரைபடத்தில் கோடுகள் போட்டே முடித்தார். பின்னாளில் நூலகத்தில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வகைசெய்த அந்த 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தைப் படித்தபோதுதான் எனக்கு உடல் பதறியது. பிடிபட்டவர் தம் வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. நடுவர் குழு கிடையாது. அவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால், வழக்கை விசாரிக்கும் ஆணையருக்குப் பத்து டாலர், விடுவித்தால் ஐந்து டாலர். ஒளித்துவைத்தவருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். வடக்கு மாநிலங்களில் வாழ்ந்த எளிய குடிமக்களையும் ஆள் பிடிக்க உதவுமாறு கட்டாயப்படுத்திய இச்சட்டத்தைக் கோரிப் பெற்றது தெற்கு. செல்லாது என்று சொன்னது விஸ்கான்சின் மாநில நீதிமன்றம். அத்தீர்ப்பை 1859இல் தள்ளுபடி செய்தது மத்திய உச்ச நீதிமன்றம். 1854இல் பாஸ்டனில் ஆன்டனி பர்ன்ஸ் என்ற, அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த இளைஞர், ஊரே திரண்டு எதிர்த்தும், படைவீரர்கள் சூழக் கப்பலேற்றப்பட்டு வர்ஜீனியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அன்று மாநில உரிமை பேசியது எந்தப் பக்கம், மத்திய அரசின் படையைத் துணைக்கு அழைத்தது எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரு தரப்பிலும் நியாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். வயதில் இளையவர் என்பதற்காக இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன். 1860இல் அடிமைகளாக இருந்த ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்களை எந்தத் தரப்பில் வைத்து எண்ணினீர்கள்? எடைபோடத் தொடங்கும்போதே அவர்களைத் தராசுக்கு வெளியே நிறுத்திவிட்டு எப்படி நடுநிலை பேசுகிறீர்கள்? நீங்கள் இரக்கமற்றவர் அல்லர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் கடிந்து எழுதுகிறேன்.

காணொளியை மூடிவிட்டு, 1860 டிசம்பரில் தென் கரோலினா தன் பிரிவினைக்குக் காரணங்கள் கூறி வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். தப்பியவர்களைத் திருப்பித் தராத வடக்கு மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது அது. அடிமையோடு கடந்துசெல்லும் உரிமையைக்கூட நியூயார்க் மறுக்கிறது என்று முறையிடுகிறது. அடுத்து, 1861இல் பிரிந்த மாநிலங்கள் எழுதிக்கொண்ட அரசமைப்பைப் பாருங்கள். புதிதாகப் பெறும் எந்த நிலப்பகுதியிலும் அடிமைமுறையை அவர்களுடைய காங்கிரஸ் பாதுகாத்தே ஆக வேண்டும் என்கிறது அது. அடிமைகளோடு ஒருவர் தன் எல்லைக்குள் வருவதைத் தடுக்கும் உரிமையைத் தன் மாநிலங்கள் எதற்கும் அது விட்டுவைக்கவில்லை.