காலர் படியவில்லையா? இஸ்திரிப் பெட்டி வேண்டாம்

கேள்வி: புது லெதர் ஜாக்கெட்டின் காலர் அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது. கழுத்தை உரசுகிறது, முனைகளும் தூக்கிக்கொள்கின்றன. வாங்கிப் பத்து நாள் ஆகிறது. ஸ்டீம் அயர்ன் போட்டால் படிந்துவிடும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். போடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் தோல் சுருங்கும். சுருங்கியது மறுபடி விரியாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் ஈரமாக இருந்தால் 80 டிகிரி வாக்கிலேயே சுருங்கிவிடும், நீராவியோ 100 டிகிரி. குரோமிய உப்பில் பதனிட்ட 'குரோம் தோல்' கொஞ்சம் தாங்கும். உங்களுடையது எந்த வகை என்று லேபிளில் பார்க்கலாம் என்றால், அதில் இருக்காது. 'அசல் தோல்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சேர்க்க ஏனோ மனம் வருவதில்லை! போதாக்குறைக்கு, காலருக்குள் இருக்கும் கேன்வாஸ் பெரும்பாலும் பசையால் ஒட்டியது. சூட்டில் பசை விட்டுப்போய்க் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

அந்த சர்வீஸ்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'லெதர் ஸ்பா' என்று வாங்கிப் போய், சாதாரண டிரை கிளீனிங்கில் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அந்தத் திரவம் தோலில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும். மேலே பளபளப்பு தடவிக் கொடுப்பார்கள். நீங்களும் மகிழ்ச்சியாக வாங்கி வருவீர்கள். சில மாதத்தில் மடிப்பில் வெடிப்பு விடும். 'சாஃப்ட்னர் ஸ்பிரே' என்று தலையில் கட்டப் பார்த்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சமையல் எண்ணெயும் ஆகாது. கறுத்துப்போகும், நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும்.

வழவழப்பான தோலுக்கு வேலை சுலபம். வீட்டிலேயே ஒரு வாரம் போட்டுக்கொண்டு காலரைக் கையால் சுருட்டிச் சுருட்டி விடுங்கள். உடம்புச் சூடு போதும். படியாவிட்டால் காலரின் அடிப்பக்கத்தை மட்டும் நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி, மடிப்புக்குள் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். காலர் வளைந்து விழ வேண்டும், காகிதம் போல மடியக் கூடாது. கிளிப் போடாதீர்கள், தழும்பு விழும். அகலமான ஹேங்கரில், நிழலில், ஒரு நாள் முழுக்கக் காயட்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்று. துணியை நனைக்கும் முன் ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டி, இரண்டு முனைகளையும் நன்றாகப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு தூக்கினால் சரி, மேலே சொன்னது போதும். ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டு, கையால் அழுத்திவிட்டாலும் உடனே பழையபடி எழும்பினால், அது விறைப்பு இல்லை, வெட்டுக் கோளாறாக இருக்கலாம். விலங்கின் முதுகுத் தோல் இறுக்கமானது, வயிற்றுத் தோல் இழுத்தால் நீளும். ஒரு பக்கம் அதில், மறுபக்கம் இதில் வெட்டியிருந்தால் இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. எத்தனை தடவை நனைத்தாலும் இதேதான். தைத்தவர்தான் மாற்றித் தர வேண்டும். கடையில் கேட்டால் "போடப் போடச் சரியாயிடும்" என்பார்கள். திருப்பித் தரும் கெடு தாண்டும்வரை அதையேதான் சொல்வார்கள்! தண்ணீர் பட்ட அடையாளம் இருந்தால் அவர்களுக்கு இன்னும் வசதி. அதனால் முதலில் பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள், அப்புறம் துணியை நனைக்கலாம்.