38 வாரத்தில் லேசாக ரத்தம் பட்டால் பிரசவம் தொடங்கிவிட்டதா?

தங்கைக்கு ரத்தம் கலந்த சளி போலப் பட்டிருக்கிறது, வலி விட்டுவிட்டு வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கர்ப்பப்பை வாயை அடைத்திருக்கும் சளி, வாய் இளகும்போது கழன்று வரும். பிசுபிசுப்பாக, இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஓரிரு ஸ்பூன் இருந்தால் பெரும்பாலும் அதுதான். பிரசவம் சில மணி நேரத்திலும் தொடங்கலாம், சில நாள் கழித்தும் தொடங்கலாம். டாக்டரிடம் போனில் சொல்லிவிடுங்கள்.

சிவப்பாக ரத்தம் ஓடி பேட் நனைந்தால் விஷயமே வேறு. நஞ்சு (குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி) கீழே அமைந்து கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தால் பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். நஞ்சு முன்னதாகவே பிரிந்தால் வயிறு கல் மாதிரி இறுகி, விடாமல் வலிக்கும். அப்போது சீரகக் கஷாயம் கொடுத்து, சூட்டு வலியா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், தயவுசெய்து. உடனே 108. எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையில் ராத்திரியிலும் பார்ப்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். நஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே கைவிட்டுப் பரிசோதிக்கக் கூடாது.

பிரசவத்தின் முதல் கட்டம் வாய் 10 செ.மீ. திறக்கும்வரை, தலைப்பிரசவத்தில் 12 மணி நேரத்தையும் தாண்டலாம். அடுத்து முக்கிக் குழந்தை பிறப்பது. கடைசியாக நஞ்சு வெளிவருவது, பொதுவாக அரை மணிக்குள். அதன்பின்னும் ரத்தப்போக்கைக் கவனிப்பார்கள், 500 மி.லி.யைத் தாண்டினால் உடனே சிகிச்சை தொடங்கும்.