ஆறடி வேலியைத் தாண்டும் கொயோட்டி

வணக்கம். ஆறடி மரவேலி இருந்தும் கொயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த வட அமெரிக்கக் காட்டு விலங்கு) உள்ளே வந்து உங்கள் சிவாவா நாய்க்குட்டியைத் துரத்தியது என்று படித்ததும் பதறிவிட்டேன். குட்டி தப்பியது பெரிய நிம்மதி.

ஆறடி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எகிறி, முன்கால்களை மேல்விளிம்பில் ஊன்றி, பின்கால்களால் பலகையை உந்தி ஏறிவிடும். எங்கள் வேலியின் உச்சியில் நகக்கீறல்களையும் ஒட்டியிருந்த சாம்பல் முடியையும் பார்த்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. அந்தப் பிடிமானத்தைக் கெடுக்க வேண்டும். உச்சி நெடுக, தொட்டால் சுழலும் உருளைகளைப் பொருத்துங்கள், கால் வழுக்கிவிடும். அடியில் தோண்டி நுழையாமல் இருக்க, கம்பிவலையை ஓரடி புதைத்து வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள்.

அப்புறம், அதை உள்ளே இழுப்பது எது என்று பாருங்கள். உதிர்ந்த பழம், வெளியே வைத்த நாய்த்தீனி, பறவைத்தீனிக்கு வரும் எலி எல்லாமே அதற்குச் சாப்பாடுதான்.

இருட்டியதும் குட்டியை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். வெளியே கூட்டிப் போகும்போது நீளும் கயிறு வேண்டாம், ஆறடிக் கயிறு போதும். கொயோட்டி எதிரே வந்தால் ஓடாதீர்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு, அது விலகிப் போகும்வரை கையை வீசிக் கத்துங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கொயோட்டி குட்டி போட்டிருக்கும், கூடுதல் கவனம் தேவை. உங்கள் நாய்க்குட்டிக்கு ரேபீஸ் ஊசி போட்டாயிற்றா?